அந்த வெள்ளிக்கிழமை மோட்டார் சைக்கிளை ஓட்டியது நான்

புதன்கிழமை, என்னோடு ஒன்றாகப் படித்த நீங்கள் மூன்று பேரும் என் வீட்டுக்கு வந்தீர்கள். கையில் ஒரு டின் பிஸ்கட். கதிரைகளில் இருந்து பிளேன்டி குடித்து, அரை மணித்தியாலம் மூட்டு வலி, மருமக்கள், சீனி விலை எல்லாம் கதைத்து முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வந்தீர்கள்.

"விடு புள்ள. வயசு போன நேரத்துல கூடப்பிறந்தவங்களோட என்னத்துக்குச் சண்டை? போய் ஒரு வார்த்தை பேசிட்டு வா."

என் அண்ணன், நானாதான் உங்களை அனுப்பினார் என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அந்த பிஸ்கட் டின் உங்களுடனேயே திரும்பிப் போயிருக்கும். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் என்னை யாரும் குறுக்கே பேசி மறிக்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை கற்பிட்டிக் கோட்டைக்குப் பக்கத்து மைதானத்தில் பழைய மோட்டார் சைக்கிள்களைக் காட்சிக்கு வைத்தார்கள். கொழும்பு, நீர்கொழும்பு, சிலாபம் என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். என் நானாவின் மகனுக்கு அந்தப் பைத்தியம். வீட்டுக்குப் பின்னால் கொட்டில் அடித்து ஏழு வண்டிகள் வைத்திருக்கிறான். எட்டாவதாக அவன் தேடிப் பிடித்தது எங்கள் வாப்பாவின் வண்டி. மாதம்பைப் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் கோழிக்கூட்டுக்குள் கிடந்ததாம். இலக்கத்தகட்டை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறான். அதை மினுக்கி மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, நானாவின் கையில் மைக்கைக் கொடுத்தான்.

நானா கதை சொன்னார். பதினேழு வயதில், பிள்ளைப்பேற்று வலியில் துடித்த எங்கள் அக்கா ராத்தாவை இந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு ஏத்தாளையிலிருந்து புத்தளம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிய கதை. பாலாவியில் கழுதைக் கூட்டத்துக்குள் புகுந்து வந்த கதை. சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. சனம் கை தட்டியது. நீங்களும் தட்டினீர்கள். நான் இரண்டாவது வரிசையில் இருந்து உங்கள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து "அது பொய்" என்றேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம்.

இப்போது அந்தக் காலத்துக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் மறந்தவர்களுக்காகத் திரும்பச் சொல்கிறேன்.

பேக்கரி வாசலில் பாணுக்கு விடியப்புறம் வரிசையில் நின்ற காலம் அது. எனக்குப் பதின்மூன்று வயது. வாப்பா கருவாட்டு வியாபாரி. கடலோரத்தில் மீனவர்கள் ஓலைக் குடில் போட்டுத் தங்கும் வாடிகளுக்குப் போய்க் கருவாடு பார்த்து வாங்குவார். அதற்கு அவருக்கு ஒரு இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் இருந்தது. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரையிடம் வாங்கியது. கறுப்பு நிறம். பெற்றோல் தாங்கியின் இரண்டு பக்கமும் முழங்கால் வைக்க ரப்பர் பட்டைகள். சீட்டுக்குக் கீழே இரண்டு பெரிய சுருள் கம்பிகள், ஏறி இருந்தால் கட்டில் மாதிரி முனகும். வேகம் காட்டும் முள் முப்பதில் சிக்கி நின்றது. நிறுத்தி வைத்திருக்கும்போதும் அது முப்பதில்தான் போகும். வாப்பா வீட்டுக்குள் வரும்போது அவரோடு ஒரு வாசம் வரும். சூடான எண்ணெயும் நெத்தலிக் கருவாடும் சேர்ந்த வாசம். உம்மா மூக்கைப் பொத்துவா. நான் அதை மோந்துகொண்டே நிற்பேன்.

அந்த வருடம் காற்றுக் காலம் தொடங்கிய நேரம், வாடியில் தோணி இழுக்க உதவப் போன வாப்பாவின் வலது காலில் திருக்கை முள் ஏறியது. பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. பரியாரி மருந்து வைத்துக் கட்டினார். வீக்கம் வற்றியது, ஆனால் அந்தக் காலை ஊன்றி மிதிக்க முடியாது. அந்த வண்டிக்கோ எல்லாமே வலது கால். உதைத்து ஸ்டார்ட் பண்ணுவதும் வலது கால், கியர் மாற்றுவதும் வலது கால்.

நானாவை உதைக்கச் சொன்னார். நானா ஆத்திரத்தோடு மிதிப்பார். அந்த இயந்திரம் ஆத்திரத்துக்கு மசியாது. திருப்பி உதைத்துவிட்டது. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முற்றத்து மணலில் நானா உருண்டார். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பயம் யாருக்கும் வரும்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பிறகு வாப்பா கொட்டிலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நான் ஒருக்கா மிதிச்சுப் பாக்கவா?" என்று கேட்டேன்.

சிரித்தார். சிரித்துவிட்டு என் காலைப் பார்த்தார். பிறகு சிரிக்கவில்லை.

"பலத்தால மிதிக்கிறதில்ல மகள். முதல்ல மெதுவா அமத்து. ஒரு இடத்துல இறுகும். அந்த இடத்தக் கண்டுபுடி. பிறகு இந்தச் சின்னப் புடிய இழு, அதுட மூச்சு வெளிய போகும். ஒரு விரக்கட கீழ இறக்கு. புடிய விடு. இனி உன்ட முழுப் பாரத்தையும் குடு."

மூன்றாவது தடவை அது பிடித்துக்கொண்டது. தும் தும் தும் என்று என் நெஞ்சுக்குள்ளேயே அடித்த மாதிரி இருந்தது. வாப்பா என் தலையில் கையை வைத்தார். உம்மா குசினி வாசலில் அகப்பையோடு நின்று, "இதென்ன கூத்து!" என்றா.

அதிலிருந்து வாடிக்கு நாங்கள் இரண்டு பேரும் போனோம். முன்னால் நான், பின்னால் வாப்பா. பெரிய ரோட்டால் இல்லை, தென்னந்தோட்டங்களுக்கு நடுவால் போகும் மணல் பாதையால். என் கால்விரல் நுனிதான் நிலத்தில் முட்டும். நிற்பாட்டும்போது வாப்பா தன் நல்ல காலை ஊன்றிக்கொள்வார். காதுக்குப் பக்கத்தில் "ரெண்டு... இப்ப மூணு" என்று சொல்லிக்கொண்டு வருவார். ஒரு மாதத்தில் சொல்வதை நிறுத்திவிட்டார். சத்தத்தைக் கேட்டு நானே மாற்றப் பழகிவிட்டேன். வாடி ஆட்கள் முதலில் முறைத்தார்கள். பிறகு, "மகள் வந்துட்டா, கருவாட்ட எடுத்து வைங்கடா" என்று சொல்லத் தொடங்கினார்கள்.

உங்கள் மூன்று பேரையும் நான் ஏற்றவில்லையா? களப்பு வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த அந்தத் திடலில், வாப்பா பூவரச மர நிழலில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொருவராக ஏற்றிச் சுற்றி வந்தேன். ஒருத்தி என் இடுப்பைப் பிடித்த பிடியில் இரண்டு நாள் நகக்குறி இருந்தது. ஒருத்தி ஓதிக்கொண்டே வந்தாள், இப்போது ஹஜ் போய் வந்துவிட்டாள். ஒருத்தியின் ஒரு செருப்பு எங்கேயோ விழுந்து, கிடைக்காமல், வீட்டில் அடி வாங்கினாள். "இன்னொரு ரவுண்டு, இன்னொரு ரவுண்டு" என்று கெஞ்சியது யார்? எனக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்பதற்கு உங்கள் உடம்பே சாட்சி.

இனி அந்த வெள்ளிக்கிழமை.

ராத்தா தலைப்பிள்ளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தா. மச்சான் மன்னார்க் கடலுக்குத் தொழிலுக்குப் போயிருந்தார். நாள் இன்னும் இருக்கிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். காலையில் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அறைக்குள்ளிருந்து "உம்மா" என்று ஒரு சத்தம். ஓடிப்போனால் பாயெல்லாம் இரத்தம்.

மருத்துவிச்சி வந்து பார்த்தா. வெளியே வந்து வாப்பாவிடம், "என்ட கையால ஆகாது. உடன புத்தளம் கொண்டு போங்க" என்றா.

காலை பஸ் போய்விட்டது. கடைக்கார முதலாளியின் வேன் கொழும்பில். ஒரு மாட்டு வண்டி இருந்தது, அது பாலாவிக்குப் போகவே பின்னேரமாகும். வாப்பா கம்பை ஊன்றிக்கொண்டு முற்றத்தில் நின்று வண்டியைப் பார்த்தார். நானா போய் உதைத்தார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். நாலாவது தரம் அது அவரைத் தூக்கி வேலியில் அடித்தது. நானா அழுதுவிட்டார்.

"மகள், நீ எடு" என்றார் வாப்பா.

அந்த இரண்டு சொல்லுக்காக அவரை நான் இன்றைக்கும் முழுதாக வெறுக்க முடியாமல் இருக்கிறேன்.

உம்மாதான் என்னை அறைக்குள் இழுத்துக்கொண்டு போய், நானாவின் சேட்டும் நீளக் கலிசானும் மாட்டிவிட்டா. என் பின்னலைச் சுருட்டி மேலே வைத்து வாப்பாவின் துவாயை இறுக்கிக் கட்டினா. "ரோட்டுல ஆக்கள் பாப்பாங்க" என்றா. மகளின் இரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. அந்த நேரத்திலும் ரோட்டில் போகிற ஆட்களுக்குப் பயம்.

ராத்தாவை எனக்குப் பின்னால் இருத்தி, அவவுக்குப் பின்னால் உம்மா இருந்து, இரண்டு பேரையும் ஒரு சீலையால் என்னோடு சேர்த்துக் கட்டினார்கள். நானாவும் பக்கத்து வீட்டு ஆட்களும் வண்டியைச் சாயாமல் பிடித்துக்கொண்டார்கள். நான் முதல் உதையிலேயே எடுத்தேன்.

இருபது மைலுக்குக் கிட்ட. பெரிய ரோட்டில் அதற்கு முன் நான் ஓட்டியதே இல்லை. அன்றைக்குக் காற்று பக்கவாட்டில் அடித்தது, ரோட்டில் மணல் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. ஒவ்வொரு மணல் திட்டிலும் பின்சில்லு வழுக்கும். ராத்தாவின் நாடி என் தோளில் குத்திக்கொண்டிருந்தது. முதலில் கத்தினா. நுரைச்சோலை தாண்டிய பிறகு கத்தவில்லை. அந்த மௌனம்தான் எனக்குப் பயம். "உம்மா, ராத்தா பேசுறாவா?" என்று கேட்டேன். "நீ ஓட்டு, நீ ஓட்டு" என்று மட்டும் பதில் வந்தது.

பாலாவி உப்பளத்துக்குப் பக்கத்தில் கழுதைகள். பத்துப் பன்னிரண்டு, ரோட்டை மறித்துக்கொண்டு. நின்றால் நாங்கள் மூன்று பேரும் விழுவோம், நிலத்தில் முட்டும் என் கால்விரல் நுனி மூன்று பேரைத் தாங்காது. விழுந்தால் திரும்ப எழும்ப முடியாது. முதலாவது கியருக்கு இறக்கி, இயந்திரத்தை அலறவிட்டு, இரண்டு கழுதைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளிக்குள் விட்டேன். ஒன்றின் வயிறு என் முழங்காலில் உரசியது. சூடாக இருந்தது. இன்றைக்கும் அந்தச் சூடு எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரி வாசலில் "புடிங்க, புடிங்க" என்று நான் கத்தினேன். இரண்டு வேலையாட்கள் ஓடிவந்து வண்டியோடு எங்களைப் பிடித்தார்கள். ராத்தாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சேட்டின் முதுகெல்லாம் இரத்தம். அதோடு வாசல் படியில் இருந்தேன். மத்தியானம் ஜும்ஆ பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் மிஸ்ஸி வந்து, "பொம்பிளப் பிள்ளை. தாயும் உயிரோட இருக்கா" என்று சொன்னா. என் தலைத் துவாய் எப்போதோ அவிழ்ந்து விழுந்திருந்தது. அவ என் பின்னலைப் பார்த்தா. "நீயா ஓட்டிட்டு வந்த?" என்று கேட்டா. "ஓம்" என்றேன். அந்தக் கேள்விக்கு நான் உண்மையாகப் பதில் சொன்னது அதுதான் கடைசி. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் சொல்லவில்லை.

பின்னேர பஸ்ஸில் நானா வந்தார். வண்டியை அவரால் எடுக்க முடியவில்லை, உம்மா என்னை எடுக்க விடவில்லை. ஒரு லொறியில் ஏற்றித்தான் ஊருக்குக் கொண்டு வந்தோம். லொறியில் போகும்போது நானா, "வழியில என்ன நடந்த?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மணல், காற்று, கழுதைகள், முழங்காலில் உரசிய வயிறு. பதின்மூன்று வயதுப் பிள்ளை, சந்தோஷம் தாங்காமல் சொன்னேன். அவர் வாயைத் திறந்துகொண்டு கேட்டார். அந்தக் கழுதைகளை நானேதான் அவர் கையில் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்தால் முற்றத்தில் ஆட்கள். பள்ளிவாசலிலிருந்தும் வந்திருந்தார்கள். வாப்பா அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "மகன்தான் ஏத்திட்டுப் போனான். அல்லாஹ்ட கிருபை."

ரோட்டில் பார்த்தவர்கள் சேட்டும் கலிசானும் போட்ட பையனைத்தான் பார்த்திருந்தார்கள். அவர்கள் தலையாட்டினார்கள். பக்கத்து வீட்டு ஆட்களுக்கு உண்மை தெரியும். அவர்களும் தலையாட்டினார்கள். நான் லொறியிலிருந்து இறங்கி நிற்கிறேன், முதுகில் காய்ந்த இரத்தத்தோடு. ஒருவரும் என் பக்கம் பார்க்கவில்லை.

ஆட்கள் போன பிறகு வாப்பாவின் முன்னால் போய் நின்றேன்.

"ஏன் வாப்பா?"

"உன்ட நல்லதுக்குத்தான் புள்ள. நாளைக்கு உன்னக் கேட்டு ஒரு ஆள் வர வேணுமே. யாரும் கேட்டா நானா எண்டு சொல்லு."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் அதிகம். கெட்டவன் செய்தால் கெட்டவன் என்று தள்ளிவிடலாம். எனக்கு ஓட்டப் பழக்கியதும் அவர், என் கையிலிருந்து அதைப் பிடுங்கியதும் அவர். வாடிக்கு என்னோடு போக அவருக்கு வெட்கம் இருக்கவில்லை. அங்கே இருந்தவர்கள் மீனவர்கள், அவர்கள் முன் என்ன வெட்கம்! பள்ளி ஆட்கள் முற்றத்துக்கு வந்ததும் வெட்கம் வந்துவிட்டது.

ஒரு மாதத்துக்குள் வண்டியை விற்றார். வாங்க வந்த மனிதர் சிங்களத்தில், "ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க" என்றார். வாப்பா என்னைக் கூப்பிடவில்லை. மனிதர் தானே உதைத்து, தோற்று, தள்ளிக்கொண்டே போனார். நான் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்றேன். அடுத்த மாதம் நான் பெரியபிள்ளையானேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் முடிந்தது. உங்களில் ஒருத்தி மட்டும் அழுது புரண்டு தொடர்ந்து படித்து டீச்சரானாள். எனக்கு அழுது புரளத் தெரியவில்லை. நான் வாயை மூடப் பழகியிருந்தேன்.

நானாவைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். முதல் ஒரு கிழமை முழுக்க அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு நாள் யாரும் இல்லாத நேரம் ஒரு பைக்கட் டொபி கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு ஓடினார். ஆனால் மதுரங்குளியில் ஒரு லொறி முதலாளி, "ராத்தாவக் காப்பாத்தின பொடியன் இவன்தானே" என்று கூப்பிட்டு வேலை கொடுத்தார். அந்த லொறியில்தான் அவர் ஓட்டவே பழகினார். அந்தப் பேரில் நல்ல இடத்தில் கல்யாணமும் வந்தது. ஒவ்வொரு பெருநாளைக்கும் கதை கொஞ்சம் வளர்ந்தது. கழுதைகள் இருபதாயின. பத்து வருடத்தில் அவர் அதை நம்பத் தொடங்கிவிட்டார். சொல்லும்போது கையை முறுக்கிக் காட்டுவார். கியர் மாற்றுவதற்கு இடது காலைத் தட்டுவார். நான் சோறு பரிமாறிக்கொண்டே அந்த இடது காலைப் பார்ப்பேன்.

ஞாயிற்றுக்கிழமையும் மேடையில் இடது காலைத்தான் தட்டினார்.

நான் எழுந்ததும் அவர் மகன் ஓடிவந்தான். "மாமி, வெயிலுக்குத் தலை சுத்துதா? இருங்க." எனக்குத் தலை சுற்றவில்லை என்றேன். நானா மைக்கைத் தாழ்த்திக்கொண்டு, "என்ன புள்ள இது, ஆக்களுக்கு முன்னால" என்றார். ஐம்பது வருடத்துக்குப் பிறகும் அதே ஆட்கள், அதே முன்னால்.

"ராத்தாட்ட கேளுங்க" என்றேன். "அவ இரிக்கிறா. அவட வாயால சொல்லட்டும்."

ராத்தா முன்வரிசையில் நிழலில் இருந்தா. எழுபது தாண்டிவிட்டது, இருதய வருத்தம். யாரோ மைக்கை அவவின் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்கள். அவ என்னைப் பார்த்தா, நானாவைப் பார்த்தா, பிறகு தன் கையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைப் பார்த்தா.

"எனக்கு வலி. நான் கண்ண மூடிட்டு இருந்தன். யாரு ஓட்டின எண்டு எனக்குத் தெரியா."

நீங்கள் மூன்று பேரும் அதே வரிசையில் இருந்தீர்கள். உங்களை யாரும் கேட்கவில்லை, உண்மை. கேட்காமலும் சொல்லலாம்.

புதன்கிழமை நீங்கள் வந்தபோது நான் உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை ராத்தாவின் மகள் வந்தாள். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பிறந்தவள். ஸ்கூட்டரை வாசலில் நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே உள்ளே வந்தாள். "சாச்சி, நான் பொறந்த கதைய முழுசாச் சொல்லுங்க" என்றாள். இங்கே எழுதியதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். வாப்பா சொன்ன அந்த ஐம்பது வருடத்துக் கட்டளையையும் சேர்த்து.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப என்ட உம்மா நேத்து பொய் சொன்னாவா?"

இல்லை மகள், வலியில் அவவுக்கு விளங்கியிருக்காது என்று சொல்லியிருக்கலாம். வருத்தக்காரி, வயது போனவ, விட்டுவிடலாம். இப்படி விட்டு விட்டுத்தான் எல்லாரும் நல்ல மனிதர்களாக இருக்கிறோம்.

"ஓம்" என்றேன்.

வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் போய்விட்டாள்.

அன்றைக்கு மஃரிப் தொழுகைக்கு முன்னால் ராத்தா கோல் எடுத்தா. முதலில் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. அழுகிறாவா, இரைக்கிறாவா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு சொன்னா:

"நீ நல்லாத்தான் ஓட்டின. ஒரு இடத்துலயும் என்ன விழ விடல்ல. எனக்குத் தெரியும். ஆனா ஏன் என்ட புள்ளக்கிட்டச் சொன்ன?"

ஐம்பது வருடமாக அந்த முதல் மூன்று வசனத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். கேட்டதும் அழுகைகூட வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கடைசி வசனமும் காதில் விழுந்துவிட்டதே.

"அத மைக்குல சொல்லுங்க ராத்தா" என்று சொல்லிப் போனை வைத்தேன்.